ரூபாய்

வெள்ளியைக் குறிக்கும் ‘ரூப்ய’ என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது ரூபாய். முத்திரை குத்திய வெள்ளி என்பது பழைய பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஷேர்ஷா சூரி அடித்த, ஏறத்தாழ 11.5 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயம் இந்தப் பெயரை நிலைநாட்டியது.

பெயரில் இருந்த வெள்ளியே பின்னாளில் வினையானது. 1870களில் ஜெர்மனி முதலிய நாடுகள் தங்கத்துக்கு மாறின. உலகச் சந்தையில் வெள்ளி மலிந்தது. 2 ஷில்லிங்கை ஒட்டி நின்ற ரூபாயும் கூடவே சரிந்தது. லண்டனுக்குப் பவுண்டில் பணம் அனுப்பவேண்டிய காலனி அரசு கையைப் பிசைந்தது. 1893இல், மக்கள் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை நாணயச்சாலைகள் நிறுத்தின. நூற்றாண்டு முடிவதற்குள் பவுண்டுக்கு 15 ரூபாய் என்று விகிதம் கட்டப்பட்டது.

உலோகத்தின் கையிலிருந்த மதிப்பு இப்படி அரசின் கைக்கு வந்தது. 1966 ஜூனில் ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனதும் அரசாணையால்தான். பெயரைப் பொறுத்தவரை, இந்தோனேசியாவின் ருப்பியாவும் மாலத்தீவின் ருஃபியாவும் ‘ரூப்ய’ என்ற அதே வேரில் கிளைத்தவை.