ஓலையும் செம்பும் அச்சும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, மலையேறி முடிந்து மூச்சு வாங்கும் இடம் கடுகண்ணாவை. அச்சாலையை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரத்தில் 1832 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வூரை அடுத்த சிற்றூர்களிலோ அதனினும் மிகப் பழைய பொறிப்புக்கலை ஒன்று வாழ்ந்துவருகிறது. கடலாதெனியாக் கோயிலும் இலங்காதிலகக் கோயிலும் 14-ஆம் நூற்றாண்டில், நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில் எழுந்தவை. கடலாதெனியாவின் தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி என்னும் தென்னாட்டவர். இலங்காதிலகத்தின் பாறையிலே சிங்களத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. எம்பெக்கைத் தேவாலயத்தின் மரத்தூண்களோ செதுக்குவேலைக்குப் பெயர்பெற்றவை. பிலிமத்தலாவைப் பக்கத்துப் பித்தளைக் கம்மியரும் இம்மரபின் வழியினரே.

இக்கலையை மாணவன் எவ்வாறு கற்றான்? முதற்பாடம் உளியன்று, கோடு. சிங்களத்தில் 'வக தெக' எனப்படும் இரு வளைவுகளை அவன் முதலில் வரைந்து பழகவேண்டும். கொடியும் இலையும் மலரும் அன்னமும் அவ்வளைவுகளிலிருந்தே விரிகின்றன. கை தேறிய பின்னரே உலோகம் அவனிடம் வரும். தகட்டைக் குங்கிலியப் படுகையிலே பதித்து, சிற்றுளியைச் சுத்தியால் மெல்லத் தட்டிச் செலுத்துவான். தாளில் தவறிய கோட்டை அழிக்கலாம். செம்பில் தவறிய கோடு நின்றுவிடும். ஆகவே கம்மியன் உளியெடுக்குமுன்னரே கோடு அவன் உள்ளத்தில் முடிந்திருத்தல் வேண்டும்.

ஏட்டெழுத்தும் ஒருவகைப் பொறிப்பே. கண்டி நாட்டார் தாளிப்பனை ஓலையிலும், யாழ்ப்பாணத்தார் பனையோலையிலும் எழுத்தாணியாற் கீறினர். கீறிய எழுத்து உடனே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. கரித்தூள் கலந்த குங்கிலியத் தைலத்தை ஓலைமீது பூசி, தவிடு கொண்டு துடைத்தால், மேற்பரப்பு தூய்மையாகிக் கீற்றினுள் மட்டும் கருமை தங்கும். தமிழகத்துப் பள்ளிகளில் மையாடல் என்று வழங்கியதும் இவ்வகைச் செயலே.

செப்புத்தகட்டு அச்சின் நுட்பமும் இதுவன்றோ! தகட்டிற் கீறி, கீற்றில் மை நிரப்பி, மேலே துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்தினால் படம் தாளுக்கு ஏறுகிறது. ஐரோப்பாவிலே 15-ஆம் நூற்றாண்டில் இம்முறை பொற்கொல்லர் பட்டறைகளிலிருந்தே வளர்ந்தது. படம் இடவல மாறாக விழுமாதலின், மாணவன் கண்ணாடியிற் காண்பதுபோல் எண்ணிச் செதுக்கவேண்டும். ஓலையில் மை எழுத்தைக் காட்டுவதோடு நின்றது. செம்பில் அது தாளுக்குத் தாவியது. வேறுபாடு அவ்வளவே.

கொழும்பில் ஒல்லாந்தர் 1737-ஆம் ஆண்டிலேயே சிங்கள நூலை அச்சிட்டனர். கண்டியோ 1815 வரை தனியரசாக நின்று, ஓலையையும் செப்புப் பட்டயத்தையும் பேணிற்று. மன்னர்க்கும் கோயிலுக்கும் செய்த பணிக்கு ஈடாகக் கம்மியர் நிலம் பெற்றிருந்தனர். ஆங்கிலேயர் ஆட்சி வந்ததும் அரசவைப் பணி அற்றது. 1832-இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அது குடிகளின் சுமையை இறக்கிய நற்செயலே. எனினும் கம்மியனைத் தாங்கிய பழைய கட்டுக்கோப்பு அதனோடு தளர்ந்தது. இயந்திரப் பொருள்கள் மலிவாக வந்து சேர்ந்தன. தந்தையிடமிருந்து மகன் கற்கும் வழி பல குடும்பங்களில் அறுந்தது.

இந்நிலையைக் கண்டு வருந்தியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877-இல் கொழும்பிற் பிறந்த அவருடைய தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி தமிழர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்கு இயக்குநராயிருந்த அவர், கல்லைத் தேடிச் சென்ற ஊர்களில் கலையைக் கண்டார். கம்மியரின் கருவிகளையும் கோலங்களையும் கற்பிக்கும் முறையையும் குறித்துக்கொண்டார். அவர் துணைவியார் எதெல் புகைப்படங்கள் எடுத்தார். பழங்கோயில்களைக் காக்குமாறு கண்டித் தலைவர்களுக்கு 1905-இல் வெளிப்படையான கடிதமும் எழுதினார்.

அந்த உழைப்பின் பயன் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். கைத்தொழிலைப் போற்றும் நூலை நீராவி இயந்திரத்தில் அடிக்க அவர் மனம் இசையவில்லை. இங்கிலாந்தின் புரோட் காம்ப்டன் என்னும் சிற்றூரில் தம் இல்லத்திலேயே கையச்சுப் பொறியை நிறுவினார். வில்லியம் மொரிசு தம் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட பொறி அது. 1907 செப்டம்பர் தொடங்கி 1908 டிசம்பர் வரை, தம் மேற்பார்வையிலேயே 425 படிகளை அச்சிட்டு முடித்தார். நூலாசிரியரே அச்சுத்தொழிலின் மாணவருமானார்.

425 படிகளால் அழியும் தொழிலைக் காத்துவிட முடியாது. நூல் உளி பிடிக்கக் கற்பிப்பதில்லை. ஆயினும் எது இழக்கப்படுகிறது என்பதை அது நாடறியச் செய்தது. கற்பிக்கும் முறை ஏட்டில் ஏறியதனால், குடும்பத்தில் வழியறுந்த இடத்திலும் கோலம் முற்றும் மறையவில்லை. கடுகண்ணாவைச் சாலையோரத்தில் பித்தளைத் தட்டொன்றை வாங்குவோர், அதன் ஓரத்துக் கொடியைச் சற்றே உற்று நோக்கினால், மாணவன் ஒருவன் முதல்நாள் வரைந்த அவ்விரு வளைவுகளையும் அங்கே காணலாம்.