கணையத்தை எட்டிய ஊசி

இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பையொட்டி மறைந்து கிடக்கும் கணையம், நெடுங்காலம் வைத்தியர்களின் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத அவயவமாகவே இருந்து வந்தது. வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டின் ஒலி அலைகளைக் குடலிலுள்ள வாயு வழிமறித்துவிட, படத்தில் பெரும்பாலும் மங்கலே மிஞ்சியது. வெளியிலிருந்து இயலாததை உள்ளிருந்து சாதிக்கலாம் என்ற யோசனை 1980-ல் இரு தேசங்களில் ஏககாலத்தில் உருவம் பெற்றது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டிமாக்னோவும் அவருடைய சகாக்களும் நாய்களின் வயிற்றில் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில் ஸ்ட்ரோமும் கிளாஸனும் நோயாளிகளிடமே பிரயோகித்தார்கள். எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் குழாயின் நுனியில் ஒலிக்கருவியைப் பொருத்தி, அதைச் சூழ்ந்த சிறு பலூனில் நீரை நிரப்பி வாயுவை விலக்கியதும், இரைப்பைச் சுவரின் அடுக்குகளும் அதற்கப்பால் கணையமும் தெளிவாகத் தெரிந்தன.

ஆயினும் அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட கருவி காட்டியது குழாய்க்குக் குறுக்கான வட்டப் படம். அதில் ஊசியைச் செலுத்தினால் ஒரு புள்ளியாகத் தெரியுமேயன்றி, அது எங்கே போகிறது என்று விளங்காது. குழாயின் நீளப்போக்கிலேயே படம் காட்டும் கருவி புழக்கத்துக்கு வந்த பிறகுதான், சாம்பல் நிறப் படத்தில் ஊசி வெண்கோடாக முன்னேறிக் கட்டிக்குள் நுழைவதை வைத்தியர் கண்ணாரக் கண்டார். கோபன்ஹேகனைச் சேர்ந்த வில்மான் குழுவினர் கணையக் கட்டியிலிருந்து இவ்விதம் திசு எடுத்த வரலாற்றை 1992-ல் வெளியிட்டனர். படம் எவ்வளவு துல்லியம் என்பதைவிட, அது எந்தத் திசையில் நோக்கியது என்பதே இந்தச் சரித்திரத்தின் திருப்பம் என்பது என் அபிப்பிராயம்.

அதே ஆண்டில் கிரிம், பின்மோல்லர், சோஹேந்திரா ஆகியோர், கணையத்தருகே தேங்கிய நீர்க்கட்டியை இதே ஒலிப்படத்தின் துணையோடு இரைப்பை வழியாகத் துளைத்து வடித்த செய்தியை வெளியிட்டார்கள். அதற்குமுன், கட்டி இரைப்பைக்குள் புடைத்துத் தெரியும் இடத்தை நம்பித் துளைக்க வேண்டியிருந்தது. வழியில் ரத்தக்குழாய் குறுக்கிட்டால் விபரீதமே. 1996-ல் கணையப் புற்றுநோயின் வேதனையைத் தணிக்க நரம்புப் பின்னலில் மருந்து செலுத்தும் முறையும், 2001-ல் ஜொவன்னீனி விவரித்த பித்தநாள வடிகாலும் தொடர்ந்து வந்தன.

இதனால் கத்திக்கு வேலையில்லாமற் போயிற்று என்று எண்ண வேண்டாம். அழுகிய கணையத்துக்குச் செய்யும் எண்டோஸ்கோப் சிகிச்சையையும் அறுவைச் சிகிச்சை முறையையும் நெதர்லாந்தில் 98 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வில், மரணத்திலும் பெரிய சிக்கல்களிலும் எண்டோஸ்கோப் மேம்பட்டதாக நிரூபணமாகவில்லை. ஆனால் கணையநீர் கசியும் புரை, அறுவை முறையில் 32 சதவீதத்தினருக்கும், எண்டோஸ்கோப் முறையில் 5 சதவீதத்தினருக்குமே ஏற்பட்டது.