ஆப்வியஸ்லி

இலத்தீனில் 'வியா' என்றால் வழி. 'ஒப்' என்றால் எதிரே. இரண்டும் சேர்ந்த 'ஒப்வியுஸ்', போகும் வழியில் எதிர்ப்படுவதைக் குறித்தது. தேட வேண்டாம், தானே கண்ணில் படும். ஆங்கில 'ஆப்வியஸ்லி'யின் பொருள் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

இதை 'வெளிப்படையாக' என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'அவர் வெளிப்படையாகப் பொய் சொன்னார்' என்றால் கூசாமல் சொன்னார் என்றாகிவிடும். ஆங்கிலம் சொல்ல வந்ததோ வேறு: அது பொய் என்பது கேட்டதுமே தெரிகிறது. ஒருவர் 'ஆப்வியஸ்லி' களைத்திருக்கிறார் என்பதைத் தமிழில் சொல்லும்போது, 'முகத்திலேயே தெரிகிறது' என்பது எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

'நீயும் வருகிறாயா?' என்று கேட்டால் இன்று பலர் 'ஆப்வியஸ்லி' என்கிறார்கள். அந்த இடத்துக்கு நம் பேச்சில் அருமையான ஒற்றைச் சொல் உண்டு: 'பின்னே!'