தீட்டிய கை எங்கே?

சிலந்தி மனிதனை அறியாத சிறுவரைக் காண்பது இன்று அரிது. சிவப்பும் நீலமும் கலந்த உடை, வலைக்கோடு பின்னிய முகமூடி, வானளாவிய மாளிகையின் சுவரில் பற்றி ஏறும் தோற்றம் எல்லாம் சட்டையிலே இருக்கின்றன. பள்ளிப் பையிலே இருக்கின்றன. திரையிலே கோடி கோடியாகப் பணம் குவிக்கின்றன. அந்த உருவை முதன்முதல் எண்ணித் தாளிலே தீட்டிய கை எவருடையது என்று கேட்டுப் பாருங்கள். விடை கூறுவோர் மிகச் சிலரே!

வீரன் நிலைத்துவிட்டான்; அவனை ஈன்ற கை மறைந்துவிட்டது. அந்தக் கை, தான் வளர்த்த கதையை விட்டு விலகிய நாளிலே வாசகர் என்ன செய்தனர்? கலங்கினரா? சினந்தனரா? அடுத்த திங்கள் ஏடு வந்ததும் அனைத்தையும் மறந்தனரா?

பொழுதுபோக்கு ஏட்டைப் பற்றி இவ்வளவு கேள்வியா என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். உழைப்பவன் ஒருவன், உடைமை கொண்டாடுபவன் மற்றொருவன், சுவைப்பவன் மூன்றாமவன் என்றிருக்கும் ஒரு தொழிலிலே, அந்த மூன்றாமவனுக்குக் கடமை ஏதேனும் உண்டா என்பதே நாம் எழுப்பும் கேள்வி. அமெரிக்க நாட்டுப் படக்கதை ஏடுகளின் வரலாறு அதற்கு விடை தருகிறது.

முதலில் தொழிலின் அமைப்பைப் பார்ப்போம். பக்கத்துக்கு இவ்வளவு என்று ஓவியருக்குக் கூலி. அந்நாளில், கூலி கொடுத்தபின் வரைந்த தாளும் நிறுவனத்துக்கு, பாத்திரமும் நிறுவனத்துக்கு, பொம்மையாகவும் படமாகவும் அது ஈட்டும் பொருளும் நிறுவனத்துக்கு! கூலிக்காகத் தரும் காசோலையின் பின்புறத்திலேயே, உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்தேன் என்ற வாசகத்தை அச்சிட்டுத் தந்த நிறுவனங்கள் உண்டு. கையெழுத்திட்டால்தான் காசு, கையெழுத்திட்டாலோ உரிமை போயிற்று. 1938ஆம் ஆண்டு ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் சூப்பர்மேன் என்னும் வீரனை விற்றது 130 டாலருக்கு. 1947இல் அவர்கள் உரிமை கோரி வழக்குத் தொடுத்தனர். அதன் விளைவாக ஏட்டிலிருந்து அவர்களுடைய பெயரே நீக்கப்பட்டது!

பெயரை மறைத்துவிட்டால் வாசகர் ஆளை மறந்துவிடுவர் என்று முதலாளிகள் எண்ணினர். ஆனால் வாசகன் கண் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. டொனால்ட் டக் என்னும் வாத்தின் கதைகளை 1942 முதல் 1966 வரை வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். ஏட்டின் முகப்பிலே வால்ட் டிஸ்னியின் பெயர் மட்டுமே இருந்தது. பலர் வரைந்த வாத்துக் கதைகளுக்கிடையே, கோட்டின் நேர்த்தியைக் கொண்டும் கதையின் கட்டுக்கோப்பைக் கொண்டும் ஒருவருடைய கையை மட்டும் வாசகர் பிரித்தறிந்தனர். பெயர் தெரியாமையால், நல்ல வாத்து ஓவியர் என்றே அவரைக் குறிப்பிட்டனர். 1960ஆம் ஆண்டளவில், முயன்று பெயரைக் கண்டுபிடித்து அவருக்கு மடல் எழுதியவர்களும் வாசகர்களே. நிறுவனம் மறைத்ததை வாசகன் வெளிக்கொணர்ந்தான்!

அதே காலத்தில் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. ஏடுகளின் மடல் பகுதியிலே, எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிடத் தொடங்கினர். ஊருக்கொருவராகத் தனித்துக் கிடந்த வாசகர், முகவரி கண்டு ஒருவருக்கொருவர் எழுதினர், கூடினர், தாமே சிற்றேடுகள் நடத்தினர். 1961இல் தோன்றிய ஆல்டர் ஈகோ அத்தகைய சிற்றேடு. அதன் தொடக்கத்திலேயே பங்கு கொண்ட ராய் தாமஸ் என்னும் இளைஞர் 1965இல் மார்வெல் நிறுவனத்தில் சேர்ந்து, 1972இல் அதன் தலைமை ஆசிரியராகவும் ஆனார். வாசகர் கூட்டம் வாசகர் இயக்கமாகிக் கொண்டிருந்த காலம் அது.

அந்தக் காலத்தில்தான் ஸ்டீவ் டிட்கோ விலகினார்.

1962ஆம் ஆண்டு சிலந்தி மனிதன் முதன்முதல் தோன்றினான். எழுத்து ஸ்டான் லீ, ஓவியம் டிட்கோ. நாளடைவில் இருவரிடையே பேச்சே நின்றது. டிட்கோ தாமே கதையை அமைத்து வரைந்து தருவார். வரைந்த பக்கங்களுக்கு லீ உரையாடல் எழுதுவார். கதையமைப்பும் டிட்கோவினுடையதே என்று 1965 முதல் ஏட்டிலேயே குறித்தனர். 1966ஆம் ஆண்டு முற்பகுதி நாளிட்ட 33ஆம் இதழிலே, மலைபோன்ற இயந்திரத்தின் அடியில் சிக்கிய வீரன், பக்கம் பக்கமாகப் போராடி அதைத் தூக்கி எறியும் காட்சி வருகிறது. அதை இன்றும் வாசகர் போற்றுகின்றனர். அதன்பின் ஐந்தே இதழ்கள். 38ஆம் இதழோடு டிட்கோ போய்விட்டார். சொந்தக் காரணங்களால் விலகினார் என்ற அளவில் நிறுவனம் முடித்துக்கொண்டது.

அடுத்த இதழை வரைந்தவர் ஜான் ரொமிட்டா. காதல் கதை ஏடுகளில் பயின்ற கை அவருடையது. டிட்கோ விரைவில் திரும்பிவிடுவார் என்றெண்ணி, முதல் இதழ்களில் டிட்கோவைப் போலவே வரைய முயன்றதாக அவரே பின்னாளில் கூறினார். டிட்கோ திரும்பவில்லை. ரொமிட்டாவின் கை தன் இயல்புக்குத் திரும்பியது. முகங்கள் அழகு பெற்றன. விற்பனை முன்னிலும் உயர்ந்தது!

வாசகர் இரு பிரிவாயினர். மெலிந்து, தோள் கூனி, உலகுக்கு அஞ்சிய அந்தப் பழைய இளைஞன் எங்கே என்று ஏங்கினர் ஒரு சாரார். புதிய ஓவியம் கண்ணுக்கினியது என்று மகிழ்ந்தனர் மறு சாரார். இரு சாராரும் ஓவியத்தைப் பற்றிப் பேசினர். ஓவியரைப் பற்றி, அவருக்கு உரியது கிடைத்ததா என்பதைப் பற்றிப் பேசியவர் அரியர். வருந்தினர்; ஆனாலும் வாங்கினர். முதலாளி அந்த ஆண்டிலே கற்ற பாடம் ஒன்று உண்டு. கை போனாலும் வீரன் இருக்கிறான்; வீரன் இருக்கும் வரை வாசகன் இருக்கிறான்!

அதற்காக ரொமிட்டாவைப் பழிப்பது அறிவுடைமையன்று. அவரும் கூலிக்கு உழைத்த கலைஞரே. பழைய உழைப்பாளி மீதுள்ள பற்று, புதிய உழைப்பாளி மீது பகையாக மாறுமாயின், அதில் மகிழ்பவன் முதலாளி ஒருவனே.

உண்மை தெரியாத இடத்திலே வதந்தி குடியேறும் என்பதற்கும் இந்நிகழ்ச்சி சான்று. கிரீன் காப்ளின் என்னும் முகமூடிப் பகைவன் யார் என்பதிலே லீயும் டிட்கோவும் மோதினர், அதனால்தான் பிரிவு என்று ஒரு கதை பரவியது. முகமூடிக்குள் முன்பின் அறியாத ஒருவன் இருக்கவேண்டும் என்று டிட்கோ பிடிவாதம் செய்தாராம்! பல ஆண்டுகள் இதை வரலாறென்றே நம்பினர். பின்னாளில் டிட்கோவே எழுதிய கட்டுரைகளில், அந்தப் பகைவன் ஆஸ்பார்ன் என்னும் செல்வனே என்பதைத் தாமே திட்டமிட்டு, முன்னைய இதழ்களிலேயே அவனை வரைந்து வைத்ததாகக் கூறினார். தம்மோடு பேசுவதையே லீ விட்டுவிட்டதைத்தான் அவர் குறையாக எழுதினார். பலர் கூறுவதால் ஒன்று உண்மையாகிவிடாது. சான்று எங்கே என்று கேட்பதே பகுத்தறிவு. படக்கதையின் வரலாற்றுக்கும் அது பொருந்தும்.

நான்காண்டுகள் சென்றன. 1970இல் அடுத்த இடி. ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்னும் ஏட்டை 1961 முதல் இடைவிடாமல் 102 இதழ்கள் வரைந்த ஜாக் கிர்பி, மார்வெலை விட்டு டி.சி. நிறுவனத்துக்குச் சென்றார். நியூயார்க்கின் ஏழைத் தெருவிலே பிறந்து, கையின் வலிமையால் உயர்ந்தவர் அவர். 103ஆம் இதழ் ஒரு திங்களும் தவறாமல் வந்தது. வரைந்தவர் யார்? மீண்டும் ரொமிட்டாவே! கிர்பி வருகிறார் என்று டி.சி. தன் ஏடுகளில் முரசறைந்தது. ஆனால் அங்கே அவர் தொடங்கிய நியூ காட்ஸ் ஈராண்டும் நிறைவதற்குள் நிறுத்தப்பட்டது. 1975இல் அவர் மார்வெலுக்கே மீண்டபோது, பழைய ஆர்வத்தோடு வரவேற்றவர் உண்டு. அவர் காலம் முடிந்தது என்று மடல் தீட்டியவரும் உண்டு.

இதுவரை வாசகர் செய்ததெல்லாம் ஏக்கம் கொள்ளலும் ஏசலும் மட்டுமே. மாறுதல் எங்கே தொடங்கியது? 1975இல் சூப்பர்மேன் பற்றிய பெரும்படம் வரப்போகும் செய்தி கேட்டு, முதுமையிலும் வறுமையிலும் வாடிய சீகல் குரலெழுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் ஆகிய ஓவியர்கள் அவருக்காக ஊரறிய வாதாடினர். விளைவு? ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டாலரும், நீக்கப்பட்ட பெயரும் திரும்பின. முதலாளியின் மனம் இளகியதாலா? அல்ல! உலகறிய நேர்ந்த வெட்கத்தால்!

இந்தப் பாடத்தை வாசகர் மறக்கவில்லை. 1980களில் பழைய மூல ஓவியங்களை ஓவியருக்குத் திருப்பித் தர மார்வெல் முன்வந்தது. மற்றவர்களுக்கு ஒரு பக்க ஒப்பந்தம். கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கம்! பாத்திரங்கள் மீது எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று அவர் எழுதித்தர வேண்டும். ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரைந்தவருக்கு அப்போது அவர்கள் தர முன்வந்தது 88 பக்கங்கள். தி காமிக்ஸ் ஜர்னல் இதனை வெளியிட்டதும் கொதித்தெழுந்தது வாசகர் உலகம். ஃபிராங்க் மில்லர், ஆலன் மூர் போன்ற படைப்பாளிகள் மேடையேறிப் பேசினர். கலைஞர்கள் கையொப்பமிட்டு முறையிட்டனர். வாசகர் கண்டன மடல் எழுதினர். 1987இல் ஏறத்தாழ 2,000 பக்கங்கள் கிர்பியின் கைக்கு வந்தன. விலகிப் போன ஓவியருக்காக வாசகர் ஏங்குவதோடு நில்லாமல், எழுந்து நின்றனர். நாம் போற்றும் பக்கம் இதுவே.

1992இலோ வாசகர் ஓவியரோடு நடந்தே சென்றனர்! டாட் மெக்ஃபார்லேன், ஜிம் லீ, ராப் லைஃபெல்ட் உள்ளிட்ட எழுவர் மார்வெலை விட்டு இமேஜ் என்னும் அமைப்பைக் கண்டனர். படைப்பு படைத்தவருக்கே என்பது அதன் கொள்கை. அவர்கள் பெயரை அறிந்த வாசகர் பின்தொடர்ந்தனர். மெக்ஃபார்லேனின் ஸ்பான் முதல் இதழ் 17 லட்சம் படிகள் விற்றது. 1966இல் முதலாளி கற்ற பாடம் பொய்த்தது!

ஆயினும் அந்த வெற்றியிலே ஒரு குறையையும் காண்கிறோம். விலை ஏறும் என்ற ஆசையால் ஒரே இதழில் பல படி வாங்கி உறையிலிட்டு வைத்தவர் ஏராளம். பெயருக்காக வாங்கினர், படிக்கவில்லை. ஏடுகள் காலம் தவறி வந்தன; வாங்கியவர் சலித்தனர்; சில ஆண்டுகளில் சந்தையே சரிந்தது. அதைவிடக் கொடிது மற்றொன்று. ஸ்பான் ஏட்டுக்கு 1993இல் கதை எழுதிப் பாத்திரங்களைப் படைத்த நீல் கெய்மன், தம் பங்கைப் பெற அதே மெக்ஃபார்லேன் மீது வழக்காட வேண்டியிருந்தது. 2002இல் நடுவர் குழு கெய்மனுக்கே உரிமை உண்டெனத் தீர்த்தது. 2004இல் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது. உரிமை கேட்டு வெளியேறியவர், உடைமையாளரானதும் மற்றொருவர் உரிமையை மறுத்தார்! ஆளை வழிபட்டுப் பின்செல்வது போதாது. கொள்கையைப் பிடித்து நிற்கவேண்டும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கிர்பி 1994இல் மறைந்தார். அவர் மக்களுக்கும் மார்வெலுக்கும் இடையே நடந்த வழக்கு 2014இல் உடன்பாட்டில் முடிந்தது. அதன்பின் மார்வெலின் ஏடுகளில் கிர்பியின் பெயர் உரிய இடம் பெற்றது. டிட்கோ 2018இல் மறைந்தார். அவருடைய குடும்பத்தின் சார்பில் 2021இல் எழுந்த உரிமைக் கோரிக்கை, 2023இல் உடன்பாட்டில் முடிந்தது. வரைந்தவர் காண முடியாத நாளில் வந்த நீதி அது!

இளைஞர்களே, விருப்பமான ஓவியர் விலகும்போது வருந்துவது இயல்பு. அந்த வருத்தத்துக்கு வழிகள் இரண்டு. புதியவரைத் தூற்றிப் பழைய இதழைப் பெட்டியிலே பூட்டி வைப்பது ஒன்று. ஏன் விலகினார், என்ன கொடுத்தனர், எதைப் பறித்தனர், பெயர் இருக்கிறதா என்று கேட்பது மற்றொன்று. முதல் வழியில் சென்ற வாசகரால் முதலாளிக்கு ஒரு காசும் நட்டமில்லை. இரண்டாவது வழியில் சென்ற வாசகரால் ஒரு முதியவருக்கு, அவர் கை தீட்டிய 2,000 பக்கங்கள் மீண்டன.

அடுத்த முறை படக்கதை ஏட்டைக் கையில் எடுக்கும்போது, வீரனின் பெயரைப் படித்ததும் நிறுத்திவிடாதீர். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பெயரையும் படியுங்கள். பெயர் இல்லையா? ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்!