சுத்தமாகச் செதுக்கிய மலைகள்

தஞ்சைக் களிமண்ணில் ரப்பர் மரம் வளராது. ஆனாலும் ரப்பரின் சூழலியல் வரலாற்றைப் படிக்கப் போனால் நாகப்பட்டினம் துறைமுகத்தைத் தாண்டாமல் போக முடியவில்லை. மலேயாத் தோட்டங்களின் மண்ணைக் கொத்தியவர்களில் பெரும்பகுதியினர் தஞ்சாவூர், திருச்சி, தென்னாற்காடு, சேலம் ஜில்லாக்காரர்கள். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். நாகை டிப்போவில் தங்கவைப்பார்கள். பிறகு கப்பல், பினாங்கு. 1907-ல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி இந்தியர் குடியேற்ற நிதி என்று ஒன்று தொடங்கியதும், கப்பல் செலவை அந்த நிதியே ஏற்றது. பண்ணையாளாகக் கிடந்தவருக்கு அது ஒரு கதவு. தஞ்சை மிராசுதாரர்கள் ஆள் குறைகிறது என்று புலம்பியதும் அதனால்தான்.

கப்பலேறியவர்களுக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. நம்ம பக்கம் நெல் அறுத்த வயலில் கொளுஞ்சி முளைக்கும். அதை வளரவிட்டு, தண்ணீர் வந்ததும் மடக்கி உழுதுவிடுவார்கள். அந்தச் செடியின் வேர் முடிச்சு காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் வைக்கிறது. பயறுவகைச் செடிகளின் இந்த வேலையை ஜெர்மனியில் ஹெல்ரீகல் விளக்கியது 1880களில். உழுதவருக்கு நைட்ரஜன் தெரியாது, கொளுஞ்சி தெரியும்.

அப்படிப்பட்ட ஆட்களின் கையில் மலேயாவில் மண்வெட்டியைக் கொடுத்து ஒரு புல்கூட இல்லாமல் செதுக்கச் சொன்னார்கள். காரணம் லாலான் என்கிற கோரமான புல். அது படர்ந்தால் இளங்கன்றுகள் தேறாது என்பது உண்மைதான். ஆனால் அந்த பயம் சீக்கிரமே ஓர் அழகுணர்ச்சியாக மாறிவிட்டது. பார்வையிட வரும் ஏஜெண்டு மரத்தடி பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் தோட்டத்துக்கு மார்க் போடுவார். பக்கத்திலேயே மலாய் விவசாயிகளின் சிறு தோட்டங்களில் புதர் மண்டிக்கிடக்கும். துரைமாருக்கு அது சோம்பேறித்தனம்!

அங்கே பெய்வது நம்ம ஐப்பசி மழை மாதிரி ஒரு பருவத்தோடு முடிகிற மழை இல்லை. மூடி இல்லாத சரிவில் அது விழுந்தால் மேல்மண் நிற்குமா? ஆண்டுக்கணக்கில் ஓடிப்போய் ஆறுகளை மேடாக்கியது. 1926 டிசம்பரில் கிளந்தானில் வந்த பெருவெள்ளத்துக்கு ஊர்மக்கள் வைத்த பெயரே சிவப்புத் தண்ணீர் வெள்ளம்.

காடழித்ததற்கு முதலில் விலை கொடுத்தது உயிர்கள். மலேரியாவைப் பற்றி மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளான் பகுதியில் ஆராய்ந்தார். தாழ்நிலத்தில் சதுப்பை வடித்ததும் காய்ச்சல் குறைந்தது. அதையே மலைப்பகுதியில் நம்பிச் செய்தபோது குறையவில்லை. அங்கே கொசு வேறு. நிழல் போய் வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடும் வகை. காட்டை வெட்டியதுதான் அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது. வெட்டிய கூலிகள் லயத்தில் காய்ச்சலில் கிடந்து செத்தார்கள்.

அப்புறம் மெல்ல மாறியது. 1920களில் பயறுவகைக் கொடிகளை மரங்களுக்கு நடுவே படரவிட ஆரம்பித்தார்கள். 1925-ல் மலேயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. என் கணிப்பில் ஆராய்ச்சிக்கு இணையாக மண்ணைக் காப்பாற்றியது பணமுடை. 1930-ல் ரப்பர் விலை விழுந்தது. செதுக்கக் கூலி கொடுக்க முடியாமல் பல தோட்டங்களில் புல்லைச் சும்மா விட்டார்கள். மரங்கள் சாகவில்லை. அதுவரை கேலி செய்த சிறு தோட்டக்காரர்களின் புதருக்கு விஞ்ஞானிகளிடம் மரியாதை வந்தது. அதே ஆண்டுகளில் வேலை இல்லை என்று பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். மண்ணை மூட புல் வந்தபோது மண்வெட்டி பிடித்தவர் நாகையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

புல்மேல் இருந்த பகை முடியவில்லை. பின்னால் மண்வெட்டிக்குப் பதிலாக மருந்துத் தொட்டி வந்தது. முதுகில் அதைச் சுமந்து பாராக்வாட் அடித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். கண்ணெரிச்சல், நகம் கழன்று விழுவது, மூக்கில் ரத்தம். தெனகாநீத்தா அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸ் போன்றவர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். மலேசிய அரசு 2002-ல் தடையை அறிவித்து, பிறகு தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரியில்தான் முழுசாக அமல்படுத்தியது. அதற்குள் பல தோட்டங்களில் பால்மரம் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது. லயங்களில் இருந்தவர்கள் நகரத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.