மந்திரக் கோட்டை பொறிக்கூடமான கதை

மாயாஜாலக் கதையை அறிவியல் களத்துக்கு மாற்றி எழுதுவது அண்மைக்கால முயற்சி என்று கருதுவோர், 1888இல் வெளிவந்த ஓர் இந்தி நாவலைக் கவனிக்க வேண்டும். காசியில் வாழ்ந்த தேவகிநந்தன் கத்ரி எழுதிய 'சந்திரகாந்தா' அது. தூர்தர்ஷன் தொடரின் வழியாக அப்பெயரை அறிந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. நாவல் செய்த வேலையோ தொடரில் பெரிதும் மறைந்துபோயிற்று.

கத்ரிக்கு முன்னிருந்த கதைவளம் உருது தாஸ்தான் மரபு. அமீர் ஹம்சாவின் சாகசங்களைச் சொல்லும் அம்மரபின் பெருநூலான 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா', 1883 முதல் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகத்திலிருந்து தொகுதி தொகுதியாக வெளிவந்தது. 'திலிஸ்ம்' என்பது மந்திரவாதி தன் வித்தையால் எழுப்பும் மாய உலகம். கிரேக்கத்தின் 'தெலெஸ்மா' அரபி, பாரசீகம் வழியாக உருதுவை அடைந்து இவ்வடிவம் பெற்றது; ஐரோப்பியர் தாயத்தைக் குறிக்க வழங்கும் 'தாலிஸ்மன்' இச்சொல்லின் உடன்பிறப்பே.

கத்ரி சொல்லை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினார். அவருடைய திலிஸ்ம், புதையலைக் காப்பதற்காக முற்காலத்தார் கட்டுவித்த சுரங்க மாளிகை. அங்கே கல்லால் ஆன கொக்கு ஒன்று ஆளை விழுங்குகிறது. அது மனிதர் அமைத்த பொறியே என்று நாவல் பிற்பாடு விளக்குகிறது. தாஸ்தானின் ஒற்றனான அம்ர் அய்யாரின் பை, உலகத்தையே உள்ளடக்கும் மாயப்பை. கத்ரியின் அய்யார்களிடமும் பை உண்டு. அதில் இருப்பவை மயக்கப்பொடி, மயக்கம் தெளிவிக்கும் மருந்து, வேடமிடும் பொருள்கள். கத்ரி சகியா, நௌகட் காடுகளில் ஒப்பந்தத் தொழில் செய்தவர். அங்கே கண்ட பாழடைந்த கோட்டைகளே அவர் கதைகளின் நிலமாயின.

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்ற சர்ச்சை அன்றே எழுந்தது. ஒரு காலத்தில் நம்பமுடியாதவையாக இருந்த ரயிலும் தந்தியும் இன்று கண்முன் நிற்கவில்லையா என்ற போக்கில் கத்ரி விடையளித்தார். ராமச்சந்திர சுக்லர் தம் இந்தி இலக்கிய வரலாற்றில் இந்நாவல்களை உயர்ந்த இலக்கியமாக ஏற்கவில்லை. எனினும் கத்ரி அளவுக்கு வாசகரை உருவாக்கியவர் வேறெவருமில்லை என்பதை ஒப்புக்கொண்டார். 1913இல் கத்ரி மறைந்தபின், அவர் முடிக்காத 'பூத்நாத்' நாவலை மகன் துர்காபிரசாத் நிறைவுசெய்தார். அறிவியல் கருவிகளே ஆயுதமாகும் நாவல்களையும் அவர் எழுதினார். தந்தை திறந்த வழி மகனிடம் வெளிப்படையான அறிவியல் புனைவாயிற்று.

இவ்வரலாறு இன்று ஏன் தேவைப்படுகிறது? புராணத்து விமானம் உண்மையில் பறந்த இயந்திரமே என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. பண்டை நூலெனப் போற்றப்படும் 'வைமானிக சாஸ்திர'த்தை பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1974இல் ஆராய்ந்து, அது 20ஆம் நூற்றாண்டில் உருவானது என்றும், அதில் கூறப்படும் விமானங்கள் பறக்க இயலாதவை என்றும் காட்டினர். கத்ரியின் வழி இதற்கு நேர்மாறானது. பழங்கதையில் அறிவியல் ஏற்கெனவே இருந்தது என்று அவர் சாதிக்கவில்லை. தம் கற்பனையால் அதைப் புதிதாக அங்கே கொண்டுவந்து வைத்தார். அது கற்பனை என்று வாசகரும் அறிந்திருந்தனர். மரபைப் புதுப்பிப்பதற்கும் மரபின் பெயரால் வரலாற்றைத் திரிப்பதற்கும் இடையிலுள்ள கோடு அந்த அறிதல்தான். அது அழியுமானால் நாம் இழப்பது அறிவியலை மட்டுமல்ல, கதையையும்தான்.