தீப்பொறிச் செருகி மரைச் சீரமைப்பு

தீப்பொறிச் செருகி மரைச் சீரமைப்பு என்பது, உள் எரி பொறியின் அலுமினிய உருளைத் தலையில் தீப்பொறிச் செருகி திருகப்படும் துளையின் மரைகள் அறுந்தோ, தேய்ந்தோ, குறுக்காக வெட்டுப்பட்டோ போகும்போது அவற்றை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவரும் பட்டறை வேலை ஆகும். தீப்பொறிச் செருகி வழக்கில் ஸ்பார்க் பிளக் அல்லது பிளக் என்றும், உருளைத் தலை சிலிண்டர் ஹெட் என்றும் அழைக்கப்படுகின்றன. மரை என்பது திருகாணியின் வெளிப்புறத்திலும், அது பொருந்தும் துளையின் உட்புறத்திலும் உள்ள சுருள் வரி ஆகும். இதனைப் புரி என்றும் கூறுவர்.

உருளைத் தலை ஒரு பொறியின் விலை மிகுந்த உறுப்புகளுள் ஒன்று. சில மில்லிமீட்டர் ஆழமுள்ள மரை கெட்டுவிட்டது என்பதற்காகத் தலை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. முறையாகச் செய்யப்பட்ட சீரமைப்பு முதலில் இருந்த மரையைவிட வலிமையானதாகவே அமையக்கூடும். முறை தவறிச் செய்யப்பட்டதோ உருளை, வால்வு, பிஸ்டன் ஆகியவற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

மரை தாங்கும் சுமை

பிளக்கின் மரை மூன்று வேலைகளைச் செய்கிறது. எரியறையின் அழுத்தத்துக்கு எதிராகப் பிளக்கைப் பிடித்து வைத்திருத்தல் முதலாவது. பிளக் முனையின் வெப்பத்தைத் தலைக்குக் கடத்துதல் இரண்டாவது. மின்சுற்றை நிறைவு செய்தல் மூன்றாவது.

முதல் வேலையின் அளவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 14 மி.மீ. விட்டமுள்ள பிளக்கின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 154 சதுர மி.மீ. ஆகும். எரியறையின் உச்ச அழுத்தம் 60 பார் எனக் கொண்டால், பிளக்கை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 920 நியூட்டன். இது 94 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். நான்கு வீச்சுப் பொறி நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, ஒவ்வோர் உருளையிலும் இத்தள்ளல் நொடிக்கு 25 முறை நிகழ்கிறது.

இரண்டாவது வேலையும் இதற்குக் குறைந்தது அன்று. பிளக்கின் முனை ஏறத்தாழ 500 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் இயங்க வேண்டும். முனை பெறும் வெப்பத்தின் பெரும்பகுதி மரை வழியாகவும், வளையம் அமரும் இருக்கை வழியாகவும் தலைக்குள் இறங்குகிறது. பிளக் தளர்ந்திருந்தால் வெப்பம் இறங்க வழியின்றி முனை அளவுக்கு மீறிச் சூடேறும். அப்போது தீப்பொறி பாயும் முன்னரே கலவை பற்றிக்கொள்ளும். இது முன்பற்றல் எனப்படுகிறது. தொடர்ந்த முன்பற்றல் பிஸ்டனை உருக்கித் துளையிடவும் வல்லது.

பிளக் அளவுகள்

கார்களில் நெடுங்காலமாகப் பரவலாகக் காணப்படுவது 14 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. புரியிடைத் தூரமும் கொண்ட பிளக் ஆகும். பிற்காலப் பொறிகள் பலவற்றில் 12 மி.மீ. பிளக்கும், சிறிய நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் 10 மி.மீ. பிளக்கும் பயன்படுகின்றன. வானூர்திகளின் பிஸ்டன் பொறிகளிலும் பழைய கார்கள் சிலவற்றிலும் 18 மி.மீ. பிளக் உள்ளது.

மரையின் நீளம் எட்டம் எனப்படும். 12.7 மி.மீ., 19 மி.மீ., 26.5 மி.மீ. ஆகியன வழக்கமான எட்டங்கள். எட்டம் குறைந்த பிளக்கை நீண்ட துளையில் இட்டால், பிடிமானம் குறைவதோடு துளையின் அடி மரைகளில் கரி படியும். பின்னர் சரியான பிளக்கை இடும்போது அக்கரியே மரையை அறுக்கும்.

கெடுவதற்கான காரணங்கள்

பிளக்கின் உடல் எஃகால் ஆனது. தலை அலுமினியக் கலவையால் ஆனது. இவ்விரண்டில் அலுமினியமே மென்மையானது என்பதால் எப்போதும் தலையின் மரையே கெடுகிறது. முதன்மையான காரணங்கள் வருமாறு:

குறுக்கு மரை: பிளக்கைச் சாய்வாக நுழைத்து, கையால் திருகாமல் குறட்டால் இறுக்கத் தொடங்கினால், எஃகு மரை அலுமினியத்தில் புதிய தவறான வழியை வெட்டிக்கொண்டு போகும்.

அளவுக்கு மீறிய இறுக்கம்: அலுமினியத் தலையில் வளையமுள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20, 10 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 20 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 6 கிலோ அளவுக்கு அழுத்தினாலே 12 நியூட்டன் மீட்டர் எட்டிவிடும். சிறிய பிளக்குகளின் மரை எளிதில் அறுவதன் காரணம் இதுவே.

சூட்டில் கழற்றுதல்: அலுமினியக் கலவை சூடேறும்போது வலிமை குன்றுகிறது. மேலும், வெப்பத்தால் அது எஃகைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. ஆகவே பொறி ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும்.

அரிப்பும் கரியும்: ஈரம் புகுந்தால் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு மரைகள் ஒட்டிக்கொள்ளும். எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் படிந்த கரியும், பிளக்கைக் கழற்றும்போது அலுமினியத்தைச் சுரண்டிக்கொண்டு வரும்.

குறைவான மரைகள்: சில பொறிகளில் வடிவமைப்பே காரணமாகிறது. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1990களில் வெளியிட்ட, உருளைக்கு இரண்டு வால்வுகள் கொண்ட 4.6 லிட்டர், 5.4 லிட்டர் வி8 பொறிகளின் தொடக்கத் தலைகளில் பிளக்கைப் பிடிக்க ஏறத்தாழ நான்கு மரைகளே இருந்தன. இவற்றில் ஓட்டத்தின்போதே பிளக் மரையை அறுத்துக்கொண்டு வெளியே தெறித்த நிகழ்வுகள் பரவலாக அறியப்பட்டன. பின்னர் வந்த தலைகளில் மரைகள் கூட்டப்பட்டன. தலையை மாற்றாமலேயே மரையுறை பொருத்திச் சீரமைக்கும் முறையை 2007இல் அந்நிறுவனம் தன் பணிமனைகளுக்கு அளித்தது.

அறிகுறிகள்

பிளக் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருத்தல், கழற்றிய பிளக்கின் மரையில் வெள்ளிநிற அலுமினியச் சுருள்கள் ஒட்டியிருத்தல், பிளக்கைச் சுற்றிக் கரும்படிவு தோன்றுதல், பொறியின் ஓட்டத்தோடு ஒத்த தாளத்தில் டிக் டிக் என்ற ஒலி கேட்டல் ஆகியன அறிகுறிகள். அழுத்தம் கசிவதால் பொறியின் இழுவையும் குறையும். இந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவது தீங்கானது. தெறிக்கும் பிளக் எரிதூண்டு கம்பிச்சுருளையும் சுற்றியுள்ள உறுப்புகளையும் உடைக்கும்.

சீரமைப்பு முறைகள்

மரை துலக்குதல்

முதல் ஒன்றிரண்டு மரைகள் மட்டும் நசுங்கியிருந்தால், மரை துலக்கும் கருவியைக் கொண்டு அவற்றை நேராக்கலாம். உட்புறமிருந்து வெளிப்புறம் நோக்கித் திருகும் விரிகருவி இதற்கு மிகவும் ஏற்றது. அது கெடாத அடி மரைகளில் முதலில் பற்றிக்கொண்டு மேலே வருவதால் வழி தவறுவதில்லை. இம்முறையில் புதிய உலோகம் சேர்வதில்லை. ஆகவே பாதிக்கு மேல் மரை அறுந்திருந்தால் இது பயன்படாது.

சுருள்கம்பி மரையுறை

இது பட்டறைகளில் ஹெலிகாயில் என்ற வணிகப் பெயராலேயே அறியப்படுகிறது. சாய்சதுரக் குறுக்குவெட்டுடைய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, வில்சுருள் போலச் சுற்றப்பட்டிருக்கும். கெட்ட துளையைப் பெரிதாக்கி, டேப் எனப்படும் மரை வெட்டும் கருவியால் புதிய பெரிய மரை வெட்டி, அதனுள் இச்சுருளைத் திருகுவர். 14 மி.மீ. பிளக்குக்கு வெட்டப்படும் புதிய மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 15.6 மி.மீ. ஆகும். சுருளின் இயல்பு விட்டம் துளையைவிடச் சற்றுப் பெரிது என்பதால், அது விரிய முயன்று துளைச் சுவரை அழுத்தியபடி நிற்கிறது.

அலுமினியத்தைப் பற்றும் மரையின் விட்டம் கூடுவதால், அதே நீளத்துக்கு அறுபடும் பரப்பும் ஏறத்தாழ 11 விழுக்காடு கூடுகிறது. பிளக் உரசுவதும் இனி எஃகின் மீதே. இக்காரணங்களால் இவ்வுறை பழுதுக்கு மட்டுமன்றி, புதிய பொறிகளிலும் இடம்பெறுகிறது. லைக்காமிங், கான்டினென்டல் வானூர்திப் பொறிகளின் அலுமினியத் தலைகளில் பிளக் துளைகள் தொழிற்சாலையிலேயே சுருள்கம்பி உறையோடு வருகின்றன. சில வேளைகளில் பிளக்கைக் கழற்றும்போது உறையும் கூடவே வந்துவிடுவது இதன் குறை.

குழல் மரையுறை

உள்ளும் புறமும் மரை வெட்டப்பட்ட முழுமையான உலோகக் குழல் இது. பட்டறை வழக்கில் புஷ் போடுதல் என்பர். மேற்புறம் சிறு விளிம்பு இருப்பதால் குழல் வேண்டிய ஆழத்துக்கு மேல் உள்ளே இறங்காது. டைம்செர்ட் என்னும் வகையில், குழலின் அடியிலுள்ள உள்மரைகள் முழு அளவில் உருவாக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். பொருத்தும் கருவி அவற்றின் வழியே செல்லும்போது குழலின் அடிப்பகுதி விரிந்து அலுமினியத்தோடு இறுகுகிறது. விலை கூடுதலாயினும், பிளக்கோடு உறை கழன்று வருவது இதில் அரிது. ஏற்கெனவே ஒருமுறை உறையிட்டுக் கெட்ட துளைக்கு இதன் பெரிய அளவுகள் பயன்படுகின்றன.

பற்றவைத்துப் புதிதாக வெட்டுதல்

துளைச் சுவரே உடைந்தோ விரிசலுற்றோ இருந்தால், தலையைக் கழற்றி, ஆர்கான் வளிமக் காப்பில் துளையை உலோகத்தால் நிரப்பி, மீண்டும் துளையிட்டு மரை வெட்டுவர். பற்றவைப்பின் சூட்டால் தலை கோணக்கூடும். வால்வு இருக்கைகள் தளரவும், கலவையின் வலிமை குறையவும் கூடும். ஆகவே இது கடைசி வழி.

பசைகளும் உலோகக் கூழ்களும் இவ்வேலைக்கு உதவா. எரியறையின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அவற்றால் தாங்க இயலாது.

வேலை வரிசை

தலையைக் கழற்றி மேசைமீது வைத்துச் செய்வதே சிறந்தது. பொறியிலேயே வைத்துச் செய்யும்போது அலுமினியச் சீவல் உருளைக்குள் விழாமல் காப்பதே முதன்மையான கவலை. வால்வின் இருக்கையில் சிக்கிய ஒரு சீவல் வால்வை மூடவிடாது. பிஸ்டன் வளையத்தில் சிக்கியது உருளைச் சுவரில் கீறல் போடும்.

பொறியிலேயே வைத்துச் செய்யும் வேலை பின்வருமாறு நடைபெறும்:

முதலில் துளையைச் சுற்றியுள்ள மண்ணும் தூசியும் ஊதி அகற்றப்படும். வால்வுகள் மூடியும், பிஸ்டன் கருவியின் முனைக்கு எட்டாத ஆழத்திலும் இருக்குமாறு பொறி நிறுத்தப்படும். மரை வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸ் நிரப்பப்படும். சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். நுனியில் பழைய அளவு மரையும் அதற்கு மேல் பெரிய அளவு மரையும் கொண்ட கருவியைப் பயன்படுத்தினால், எஞ்சியுள்ள நல்ல மரையே அதற்கு வழிகாட்டும். சில சுற்றுக்கு ஒருமுறை கருவியை வெளியே எடுத்து, துடைத்து, மீண்டும் கிரீஸ் இட வேண்டும். தலை மேசைமீது இருந்தால் கிரீசுக்கு மாற்றாக மண்ணெண்ணெய் விடலாம்.

வெட்டி முடிந்ததும் உறிஞ்சு குழாயாலும் காற்றாலும் துளையும் உருளையும் தூய்மை செய்யப்படும். காற்று ஊதும்போது கண்ணாடி அணிதல் கட்டாயம். பின்னர் உறையின் வெளிப்புறத்தில் உயர் வெப்பம் தாங்கும் மரைப்பூட்டுப் பசை இட்டுத் திருகி, பசை இறுகும்வரை காத்திருப்பர்.

உறை சரியான ஆழத்தில் நிற்க வேண்டும். எரியறைக்குள் நீண்டால் அதன் விளிம்பு கனன்று முன்பற்றலை உண்டாக்கும். மேலே நீண்டால் பிளக்கின் வளையம் இருக்கையில் படியாது. துளையின் அச்சு சாய்ந்திருந்தாலும் வளையம் ஒருபுறமே அழுந்திக் கசியும். இறுதியில் பிளக்கை உரிய முறுக்கு விசையில் இறுக்கி, பொறியை ஓட்டி, சோப்பு நுரை தடவிக் கசிவு உள்ளதா எனப் பார்ப்பர். உருளையின் அமுக்க அழுத்தத்தை அளந்து பிற உருளைகளோடு ஒப்பிடுவதும் வழக்கம்.

தவிர்க்கும் வழிகள்

பிளக்கை எப்போதும் விரல்களாலேயே திருகத் தொடங்க வேண்டும். கை எட்டாத குழியாயின், பிளக்கின் பீங்கான் தலையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டிச் சுழற்றலாம். மரை குறுக்காக ஏறினால் குழாய் வழுக்கிவிடுமே தவிர மரையை அறுக்காது.

முறுக்கு விசை அளக்கும் குறடு இல்லாதவிடத்து, வளையமுள்ள புதிய 14 மி.மீ. பிளக்கை விரலால் அமரும்வரை திருகி, பின்னர் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை இறுக்கலாம். முன்பே பயன்பட்ட பிளக்கில் வளையம் நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதும். வளையமின்றிக் கூம்பு இருக்கை கொண்ட பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்குச் சுற்று போதும்.

மரையில் ஒட்டுத்தடுப்புக் கூழ் தடவினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கு விசையில் பிளக் மிகுதியாக இறுகிவிடும். இக்காரணத்தால் முலாம் பூசிய மரையுடைய பிளக்குகளுக்கு அதனைத் தயாரிப்பாளர் பலர் பரிந்துரைப்பதில்லை.

கழற்றும்போது பிளக் இறுகி நின்றால், மேலும் வலிந்து திருப்பக் கூடாது. சிறிது முன்னே இறுக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, நேரம் கொடுத்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுப்பதே முறை.